ஜப்பானோடு நின்றுபோன கேசட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

ஒரு நாட்டில் மட்டும் விற்றுவிட்டு நிறுத்திய பழைய வீடியோ கேம்கள் நமக்கு முறைப்படி வருமா, வரும்வரை என்ன செய்யலாம் என்று கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் எட்டு இங்கே.

கேள்வி: அண்ணாச்சி, 'மதர் 3' இங்கிலீஷில் வருமா, வராதா? வருசக்கணக்காக "இந்தா வருது" என்கிறார்கள். ஒரு முடிவு சொல்லுங்க. – பாளையங்கோட்டை வாசகர்

பதில்: முடிவு சொல்ல வேண்டிய நின்டெண்டோ நிறுவனத்தார் கியோட்டோவில் இருக்கிறார்கள். நம் கையில் இருப்பது கணக்கு மட்டும்.

கையில் வைத்து ஆடும் கேம் பாய் அட்வான்ஸ் மெஷினுக்காக 2006 ஏப்ரல் 20 அன்று ஜப்பானில் வந்தது இது. அதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 2004 கடைசியில், அடுத்த மெஷினான நின்டெண்டோ டி.எஸ். கடைக்கு வந்துவிட்டது. திருவிழா முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்தில் வந்த சரக்கு. போதாததற்கு, முந்தைய பாகம் 'எர்த்பவுண்ட்' என்ற பெயரில் 1995-ல் அமெரிக்காவுக்குப் போய் அங்கே சரியாக விலைபோகவில்லை.

தொடரின் முதல் பாகத்தைப் பாருங்கள். 1989-ல் நின்டெண்டோவின் பழைய டி.வி. மெஷினான ஃபேமிகாமுக்கு வந்தது. அமெரிக்காவுக்காக ஆங்கிலப் பதிப்பையும் முடித்துவிட்டு, வெளியிடாமல் பெட்டியில் போட்டார்கள். 2015 ஜூனில் வீ யூ மெஷினின் இணையக் கடையில் 'எர்த்பவுண்ட் பிகினிங்ஸ்' என்று அது வெளியே வந்தது. மொழிபெயர்ப்பு தயாராக இருந்ததால் வேலை சுலபம். மூன்றாம் பாகத்துக்கு அப்படி ஒரு ஆங்கிலப் பதிப்பு வெளியில் தெரிந்தவரை இல்லை. 2008 அக்டோபரில் ரசிகர்கள் செய்த மொழிபெயர்ப்பு உண்டு. அந்தக் குழுவை நடத்தியவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர். 2013-ல் "இலவசமாகவே தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நிறுவனத்திடம் சொல்லியும் பார்த்தார். எடுத்துக்கொள்ளவில்லை.

2024 பிப்ரவரி 21 அன்று ஸ்விட்ச் மெஷினுக்கான சந்தா சேவையான ஸ்விட்ச் ஆன்லைனில் இந்த கேம் சேர்ந்தது, ஜப்பானியப் பட்டியலில் மட்டும். கதையைப் பின்தொடர ஜப்பானிய மொழி வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டால், அதை நீங்களும் முறைப்படி ஆடலாம். உங்கள் பழைய நின்டெண்டோ கணக்கைத் தொடாதீர்கள். நாடு 'ஜப்பான்' என்று போட்டு இரண்டாவதாக ஒரு கணக்குத் தொடங்குங்கள். ஸ்விட்சில் புதிய யூசர் ஒன்றைச் சேர்த்து அதோடு இணையுங்கள். அந்த யூசரில் ஈ-ஷாப் என்ற இணையக் கடையைத் திறந்தால் ஜப்பானியக் கடை வரும். அங்கே கேம் பாய் அட்வான்ஸ் செயலியை இறக்குங்கள், அதற்குக் காசு இல்லை. பிறகு உங்கள் பழைய யூசரிலேயே திறக்கலாம். ஆனால் அந்த யூசருக்கு 'எக்ஸ்பான்ஷன் பேக்' சந்தா இருக்க வேண்டும். சாதாரண சந்தாவில் ஃபேமிகாமும் அதன் அடுத்த மெஷினான சூப்பர் ஃபேமிகாமும் திறக்கும், கேம் பாய் அட்வான்ஸ் திறக்காது. பலர் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

ஜப்பானியக் கடையில் வேறு ஏதாவது விலைக்கு வாங்க நினைத்தால் ஒன்று கவனிக்கவும். 2025 மார்ச் 25 முதல் வெளிநாட்டு வங்கி கார்டையும் வெளிநாட்டு பேபாலையும் அங்கே ஏற்பதில்லை. ஜப்பானிய ஈ-ஷாப் பிரீபெய்டு கோடு வாங்கித்தான் பணம் ஏற்ற வேண்டும். அமெரிக்கக் கடைக்கான கோடு அங்கே செல்லாது.

கேள்வி: ஜப்பானிலிருந்து ஒரு சூப்பர் ஃபேமிகாம் வரவழைத்தேன். கூட வந்த அடாப்டரை நேரே பிளக்கில் சொருகினேன். 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாடை. மெஷினும் போய்விட்டதா? – கோவில்பட்டி வாசகர்

பதில்: பெரும்பாலும் அடாப்டர் மட்டும்தான் போயிருக்கும், மெஷின் தப்பித்திருக்கும். அதன் அடியில் பாருங்கள், உள்ளே போவது 100 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்டிருக்கும். நம் வீட்டில் 230. அதை மறந்துவிட்டு மெஷினுக்கு என்ன தேவை என்று மட்டும் பாருங்கள்: 10 வோல்ட் டி.சி., 850 மில்லி ஆம்பியர், பின்னின் நடுவே மைனஸ்.

நடு மைனஸ் என்பதை இரண்டு தடவை வாசியுங்கள். கடையில் கிடைக்கும் மோடம் அடாப்டர், சி.சி.டி.வி. கேமரா அடாப்டர் எல்லாம் பெரும்பாலும் நடு பிளஸ். பின் அளவு 5.5 மில்லிமீட்டருக்கு 2.1, அதனால் இவையும் அழகாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும். நடு மைனஸ் போட்ட 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் எலெக்ட்ரிக் கிடார் பெடல் விற்கும் கடையில் கிடைக்கும். 9 வோல்ட் போதும், ஏனென்றால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் எப்படியும் 5 வோல்ட்டாகக் குறைத்துவிடுகிறது. 12 வோல்ட் கொடுத்தாலும் ஓடும். ஆனால் மிச்ச வோல்ட் முழுவதும் சூடாக மாறி அந்த ரெகுலேட்டர் தலையில் விழும். சித்திரை வெயிலில் அந்தச் சோதனை வேண்டாம். சொருகும் முன் மல்டிமீட்டரில் சிவப்பு முனையை பின்னின் உள்ளேயும் கறுப்பை வெளிப்புறமும் வைத்துப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வர வேண்டும்.

யாராவது "அமெரிக்க என்.இ.எஸ். அடாப்டர் இருக்கு, போடுங்க" என்றால் வாங்காதீர்கள் (என்.இ.எஸ். என்பது ஃபேமிகாமின் அமெரிக்கப் பெயர்). அது தருவது 9 வோல்ட் ஏ.சி. பின் பொருந்தும், போர்டு போகும்.

புது அடாப்டரிலும் விளக்கு எரியவில்லை என்றால், போர்டில் கரண்ட் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன ஃப்யூஸை மீட்டரில் சோதியுங்கள். தொடர்பு இல்லையென்றால் அதே அளவு ஃப்யூஸ் மாற்றுங்கள். செம்புக் கம்பியை வைத்து முறுக்குகிற நம்மூர் வைத்தியம் வேண்டாம்.

அடுத்து படம். அது என்.டி.எஸ்.சி. முறையில், நொடிக்கு 60 தடவை வரும். நம் நாட்டு முறை பேல், 50. பேல் மட்டும் தெரிந்த பழைய டப்பா டி.வி.யில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது படம் உருளும். நிறத்தைச் சுமக்கும் அலை அதில் 3.58 மெகாஹெர்ட்ஸ், நம்முடையதில் 4.43. டி.வி. அதை நிறமாகவே எடுத்துக்கொள்ளாது. இப்போதைய எல்.இ.டி. டி.வி.யின் ஏ.வி. ஓட்டையில் பெரும்பாலும் நேராகவே வரும். ஓட்டை இல்லாமல் மலிவு விலை எச்.டி.எம்.ஐ. மாற்றி வாங்கினால், ஒரு குறையோடு வாழப் பழக வேண்டும். மெஷின் அனுப்பும் 240 வரிப் படத்தை அந்த டப்பா 480 வரி பின்னல் படம் என்று நினைத்து இரண்டிரண்டாகச் சேர்த்துவிடும். பல கேம்களில் கதாபாத்திரத்தின் நிழலை ஒரு ஃப்ரேம் காட்டி ஒரு ஃப்ரேம் மறைத்து, அரைகுறை இருட்டு போலத் தோன்றச் செய்திருப்பார்கள். மாற்றி வழியாகப் பார்த்தால் அந்த நிழல் அடியோடு காணாமல் போகும், அல்லது சீப்புப் பல் போல வரிவரியாக நிற்கும். மெஷினில் கோளாறு என்று பிரித்துவிடாதீர்கள்.

கேள்வி: சில கேம்களை முப்பது வருசம் கழித்துக்கூடக் கொண்டுவருகிறார்கள். சிலதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? – சங்கரன்கோவில் வாசகர்

பதில்: ரசிகர்களின் அன்பை வைத்து இல்லை என்பது மட்டும் நிச்சயம். பட்டா யார் பெயரில், எத்தனை பங்காளி என்பதுதான் முதல் கேள்வி. ஒரே நிறுவனம் எழுதி, இசையமைத்து, வெளியிட்டிருந்தால் கையெழுத்து ஒன்று போதும். ஸ்கொயர் நிறுவனத்தின் 'செய்கென் டென்செட்சு 3' 1995-ல் ஜப்பானோடு நின்றது. 2019 ஜூனில் 'ட்ரையல்ஸ் ஆஃப் மனா' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்தது. 1994-ன் 'லைவ் அ லைவ்' 2022 ஜூலையில் படங்களையெல்லாம் புதிதாக வரைந்து வந்தது. 'ஸ்டார் ஃபாக்ஸ் 2' இன்னும் வேடிக்கை: 1990-களின் நடுவிலேயே முடித்துவிட்டுக் கைவிட்டார்கள். 2017 செப்டம்பரில் சின்ன எஸ்.என்.இ.எஸ். (சூப்பர் ஃபேமிகாமின் அமெரிக்கப் பெயர்) மெஷினுக்குள் வைத்து முதல்முறையாக விற்றார்கள்.

பங்காளிகள் பலர் என்றால் கதை வேறு. 1997-ன் 'கோல்டன்ஐ 007' சினிமாப் பாத்திரத்தை வைத்தது. சினிமாக்காரர், எழுதிய ஸ்டூடியோ, வெளியிட்டவர் எல்லோரும் ஒத்துவர 2023 ஜனவரி ஆனது. பாட்டு, குரல், கார் கம்பெனிச் சின்னம், விளையாட்டு வீரர் பெயர் என்று எது இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம். ஒன்று காலாவதியானாலும் மொத்தமும் நிற்கும்.

அடுத்த தடை மூலக்கோப்பு, அதாவது கேமை எழுதிய நிரல். 'சைலன்ட் ஹில்' எச்.டி. தொகுப்பை 2012-ல் கொண்டுவந்தபோது, கையில் கிடைத்தது முடிக்கப்படாத பழைய நிரல்தான். அதிலேயே வேலை பார்த்ததால், எப்போதோ திருத்திய பிழைகளையெல்லாம் மறுபடியும் திருத்த வேண்டியதாயிற்று. கேசட் காலத்து கேம்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பழைய மெஷினைப் போல நடிக்கும் எமுலேட்டர் நிரலில் கேசட்டின் படிவத்தையே ஓட்டிவிடலாம்.

கடைசியில்தான் மொழி. சண்டை, ஓட்டம், கப்பல் சுடும் வகை என்றால் எழுத்து சொற்பம். 2000-ல் நின்டெண்டோவின் என்64 மெஷினுக்கு ஜப்பானில் மட்டும் வந்த 'சின் அண்ட் பனிஷ்மென்ட்' வேறு நாடுகளுக்கு 2007-ல் வீ மெஷினின் இணையக் கடையில் எளிதாக வந்ததற்கு அதுவும் காரணம், அதன் குரல்கள் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலம். பேச்சும் கதையுமான 'போலிஸ்நாட்ஸ்' போன்றவை 1994 முதல் ஆங்கிலம் காணாமல் கிடக்கின்றன.

உங்கள் பட்டியலை இப்படிச் சலித்துப் பாருங்கள்: உரிமை ஒரே கையில், கேசட் கேம், எழுத்து கொஞ்சம். மூன்றும் இருந்தால் நம்பலாம். சினிமா லைசென்ஸ், சி.டி., நாற்பது மணி நேரக் கதை என்றால் ஜப்பானிய மொழி வகுப்பில் சேருவது விரைவான வழி.

வந்தாலும் நிலைக்கும் என்று இருந்துவிடாதீர்கள். 1990-ன் முதல் 'ஃபயர் எம்ப்ளம்' ஆங்கிலத்தில் 2020 டிசம்பர் 4-ல் வந்தது. 2021 மார்ச் 31-ல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். வீ கடை 2019 ஜனவரியிலும், வீ யூ, 3டிஎஸ் கடைகள் 2023 மார்ச்சிலும் மூடின. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் எடுத்த கணக்குப்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் இல்லை. ஜப்பானோடு நின்றவை அந்தக் கணக்கிலேயே வராது.

கேள்வி: மனு எழுதினால் பலன் உண்டா? – வள்ளியூர் வாசகர்

பதில்: ஒரு தடவை உண்டு. 2011-ல் 'ஆபரேஷன் ரெயின்ஃபால்' என்று அமெரிக்க ரசிகர்கள் வீ மெஷினின் மூன்று கேம்களுக்காகக் கிளம்பினார்கள். கடிதத்தோடு நிற்காமல், அமேசானில் வெறும் பெயராகக் கிடந்த 'ஸீனோபிளேட்'டை முன்பதிவு செய்தே விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏற்றினார்கள். 2012 ஏப்ரலில் அது அங்கே வந்தது. ஆனால் ஐரோப்பாவுக்காக ஆங்கிலப் பதிப்பு 2011-லேயே தயாராக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெந்த சோற்றைப் பரிமாறச் சொல்லிக் கேட்பது வேறு, உலை வைக்கச் சொல்வது வேறு.

கேள்வி: நான் தமிழாசிரியை. என் மாணவர்கள் கேட்கிறார்கள்: ஜப்பானிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும் பழைய கேம் தமிழுக்கு வரக்கூடாதா? – தென்காசி வாசகி

பதில்: உங்கள் மாணவர்களுக்குக் கணக்குப் போட்டே காட்டலாம், டீச்சர்.

ஃபேமிகாம் திரை 256 புள்ளி அகலம். படமும் எழுத்தும் 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களால் கட்டியவை. சாதாரண கேசட்டில் பின்னணிக்கென்று ஒரு நேரத்தில் 256 கட்டம்தான் கைவசம். மலை, மரம், வீடு, எழுத்து எல்லாம் அதற்குள். இப்போது தமிழ்: உயிர் 12, ஆய்தம் 1. மெய் பதினெட்டுக்கும் க, க், கி, கீ, கு, கூ என ஆறு உருவம், 108. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு 4. மொத்தம் 125, கிரந்தம் சேர்க்காமல். 'ணூ', 'ஞீ' எல்லாம் 8 புள்ளிக்குள் வெறும் கறைதான், 16-க்கு 16 வேண்டும். அதாவது எழுத்துக்கு நான்கு கட்டம், ஆக 500. இருப்பது 256. அகலத்தை 8 ஆகவும் உயரத்தை 16 ஆகவும் வைத்து நெருக்கினால் 250. எழுத்து கண்ணைக் குத்தும், மரம் நட மிச்சம் ஆறு கட்டம்.

ஜப்பானியர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. ஒலியை மாற்றும் இரண்டு சின்னக் கோடுகளை எழுத்தோடு வரையாமல் மேல் வரிசைக் கட்டத்தில் தனியாக வைப்பார்கள். நம் மெய்யெழுத்தின் தலைப்புள்ளியையும் அப்படித் தூக்கி வைத்தால் 18 உருவம் மிச்சமாகும். அப்படியும் இட நெருக்கடி தீராது. 16 புள்ளிக் கணக்கில் 'திருநெல்வேலி' எட்டு உருவம், 128 புள்ளி, பாதித் திரை. 'பாளையங்கோட்டை' பன்னிரண்டு உருவம், 192 புள்ளி. ஒரு வரிக்கு ஒரு ஊர்தான்.

சூப்பர் ஃபேமிகாம் முதல் நிலைமை மேல். தேவைப்படும் எழுத்துகளை மட்டும் அவ்வப்போது வரைந்து நினைவகத்தில் ஏற்றலாம், 'ர'வுக்குக் குறைவாகவும் 'ண'வுக்கு அதிகமாகவும் அகலம் கொடுக்கலாம். இன்றைய மறுவெளியீட்டில் எழுத்தை எமுலேட்டருக்கு வெளியே புதிதாக வரைந்தால் தடையே இல்லை. பிழை நேரும் இடம் ஒன்று: சில கேம் எஞ்சின்கள் யூனிகோடு எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கும். 'கெ' என்பதில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' உடையும். சரியாக அடுக்கும் நிரல் இல்லாமல் தமிழ் சேர்த்தால் பார்க்கச் சகிக்காது. பழைய கேமுக்கு நிறுவனமே தமிழ் கொடுக்கும் என்று நாங்கள் நம்பவில்லை. சந்தைக் கணக்கு இடம் கொடுக்காது.

கேள்வி: சொந்த 'செய்கென் டென்செட்சு 3' கேசட்டைக் கணினியில் நகல் எடுத்து, ரசிகர் மொழிபெயர்ப்பு பேட்ச் (கோப்பைத் திருத்தும் கோப்பு) போட்டேன். கறுப்புத் திரைதான் வருகிறது. இது சட்டப்படி சரியா என்றும் சொல்லவும். – ஆலங்குளம் வாசகர்

பதில்: கோப்பின் அளவைப் பைட் கணக்கில் பாருங்கள். 'செய்கென் டென்செட்சு 3' சரியாக 41,94,304 பைட். உங்களுடையது 41,94,816 என்றால் முன்னால் 512 பைட் ஹெட்டர் ஒட்டியிருக்கிறது. பழைய நகலெடுக்கும் கருவிகளின் மிச்சம் அது. ஐ.பி.எஸ். வகை பேட்ச் "இத்தனையாவது பைட்டை மாற்று" என்று மட்டுமே சொல்லும், எந்தக் கோப்பு என்று பார்க்காது. 512 தள்ளிப்போன கோப்பில் எல்லாமே தப்பான இடத்தில் விழும். ஹெட்டரை நீக்கிவிட்டு, கைபடாத நகலிலிருந்து மறுபடி தொடங்குங்கள். கெட்டதன் மேலேயே திரும்பப் போட்டால் சரியாகாது. பி.பி.எஸ். வகை பேட்ச் கிடைத்தால் அதையே எடுங்கள், கோப்பு பொருந்தாவிட்டால் மறுத்துவிடும். ஐ.பி.எஸ். 16 மெகாபைட் தாண்டாது. 32 மெகாபைட் 'மதர் 3'-க்கு யு.பி.எஸ். பேட்ச் வந்தது அதனால்தான்.

சட்டம்: 1957 பதிப்புரிமைச் சட்டம் 52(1)(ஏஏ) பிரிவு, முறையாக வைத்திருப்பவர் தன் பிரதி கெட்டுப்போகாமலிருக்கக் காப்புநகல் எடுக்க அனுமதிக்கிறது. அதைத் தாண்டி பேட்ச் போட்ட கோப்பை நண்பருக்குக் கொடுப்பதும், கேசட்டில் ஏற்றி விற்பதும் அந்த அனுமதிக்குள் வராது. இந்த கேமுக்கு 2019 முதல் விலைக்கு வாங்கும் ஆங்கிலப் பதிப்பே இருக்கிறது, அதை வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கடற்கரை ஓரத்து வீடு. கேசட் பின்களில் பச்சை படிகிறது, சேவ் செய்ததும் அழிந்துவிடுகிறது. – திருச்செந்தூர் வாசகர்

பதில்: இரண்டும் தனித்தனி வியாதி. பச்சைக்குக் காரணம் உப்புக் காற்று. வாயால் ஊதுவதை முதலில் நிறுத்துங்கள், எச்சில் ஈரம் அதை வளர்க்கும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்து, பின்னின் நீளவாக்கில் தேயுங்கள். பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். விடாத இடத்தில் மட்டும் மெல்லிய வெள்ளை ரப்பரால் இரண்டு இழுப்பு. அதற்கு மேல் தேய்த்தால் தங்கப் பூச்சே போகும். பத்து நிமிடம் காயவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் வையுங்கள்.

சேவ் அழிவது உள்ளே இருக்கும் பேட்டரியால். சூப்பர் ஃபேமிகாம் கேசட்டில் சி.ஆர்.2032, போர்டில் பற்றவைக்கக் காதுத்தகடு வைத்தது. திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற திருப்புளி வேண்டும். மீட்டரில் 3 வோல்ட் காட்டினால் நலம், 2.5-க்குக் கீழே போனால் மாற்றுங்கள். கடிகாரக் கடையில் வாங்கும் மொட்டை பேட்டரியில் நேரடியாகப் பற்றவைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். காதுத்தகடு உள்ளதாகவே கேட்டு வாங்குங்கள். போர்டில் பிளஸ் குறி இருக்கும் பக்கத்தைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சேவ் மிச்சமிருந்தாலும் பேட்டரியை எடுத்த கணமே போய்விடும்.

கேள்வி: நாம் சின்ன வயதில் ஆடிய 'கான்ட்ரா' ஜப்பானில் வேறு மாதிரி என்கிறார்களே? – அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: வேறுதான். 1988-ல் ஃபேமிகாம் கேசட்டில் கொனாமி தன் சொந்த சிப் ஒன்றைச் சேர்த்திருந்தது. அமெரிக்க கேசட்டில் அந்தச் சிப் இல்லை, அதனால் அசைவுகளையும், கட்டங்களுக்கு நடுவே வரும் வரைபடக் காட்சியையும் எடுத்துவிட்டார்கள். 2019-ல் வந்த 'கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்' தொகுப்பில் இலவச அப்டேட்டாக ஜப்பானியப் பதிப்பும் சேர்ந்தது, வாங்கி இரண்டையும் ஒப்பிடலாம். பனிக்கட்டத்தில் பனி பறக்கிறதா என்று அதுவரை போக வேண்டியதில்லை. தொடங்கியவுடன் குதிக்காமல் ஓரமாக நின்று பின்னால் இருக்கும் மரங்களைப் பாருங்கள். இலை ஆடினால் ஜப்பான் கேசட்.